எங்க நிக்கிறியள்? – சமறி, லொட்ஜ், சேர்விஸ் அபார்ட்மென்ட்

போன மார்கழியில் எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு கொழும்பு. பெண் வீட்டு ஆக்கள் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில், பாதிப்பேர் கனடாவில். பதினொரு பேர், பத்து நாள், எங்க நிக்கிறது? குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்தது. கனடாச் சித்தப்பா கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு பெரிய ஹொட்டலின் படத்தைப் போட்டார். சித்தி கணக்குப் பார்த்துவிட்டு, "ஆறு அறை எடுக்க வேணும். மூண்டு நேரமும் வெளியில சாப்பாடு. ஐயாவுக்கு ஒரு கஞ்சி வைக்கக்கூட இடமில்லை" எண்டு எழுதினா. கடைசியில் சித்தியின் கட்சி வென்றது. வெள்ளவத்தையில், மும்மூன்று அறையோடு இரண்டு சேர்விஸ் அபார்ட்மென்ட். குசினி, பிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கிற மெஷின் எல்லாம் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டித் துடைக்க ஆள் வரும். எல்லாருக்கும் சந்தோசம்.

முதல் நாள் இரவு புட்டு அவிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அம்மம்மா சொன்னா: "நாங்கள் இதே வெள்ளவத்தையில எட்டு மாசம் லொட்ஜில நிண்டனாங்கள். அங்கையும் ஒரு அடுப்பு இருந்தது. ஐசியைத் தலகணிக்குக் கீழ வச்சுக்கொண்டுதான் படுக்கிறது."

ஒருத்தரும் ஒண்டும் கதைக்கவில்லை. அந்த அமைதிதான் எங்களை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. ஹொட்டலில் நில்லாமல் அடுப்போடு ஒரு இடம் எடுத்து நிற்பது புதுசாக வந்த ஒரு வசதி எண்டு நாங்கள் நினைத்திருந்தோம். எங்கட ஆக்கள் நூறு வருசத்துக்கு மேலாகக் கொழும்பில் அப்படித்தான் நிண்டிருக்கிறார்கள். என்ன காரணத்துக்காக நிண்டார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

மடமும் வாடிவீடும்

யாழ்ப்பாணத்தில் பயணிகள் நிற்கிற இடம் என்றால் பழைய காலத்தில் மடம்தான். கந்தர்மடம், ஆறுகால்மடம் என்று ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கிடக்கிறது. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம். நடந்து வருபவர் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, மனுசர் இருக்கத் திண்ணை. வாடகை இல்லை, பதிவுப் புத்தகம் இல்லை.

ஆனால் இதை நாங்கள் பொற்காலம் எண்டு எழுதப்போவதில்லை. திண்ணையில் ஆர் இருக்கலாம், கிணற்றில் ஆர் அள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. பொது இடங்களில் சாதி சொல்லி ஒருவரை மறிப்பது குற்றம் என்று சட்டம் வந்ததே 1957இல்தான். அதற்குப் பிறகும் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய 1960களில் போராட வேண்டி இருந்தது. இலவசமாகத் திறந்து கிடந்த இடம் எல்லாருக்கும் திறந்து கிடக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊருக்கூர் இருந்த வாடிவீடுகள் முதலில் அதிகாரிகள் பயணம் போகும்போது நிற்பதற்கானவை. கொழும்பில் கோல்பேஸ் ஹொட்டல் 1864இலும், துறைமுகத்துக்கு முன்னால் கிராண்ட் ஓரியன்டல் ஹொட்டல் 1875இலும் வந்தன. கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரரும் தோட்டத் துரைமாரும் அங்கே நிண்டார்கள். எங்கட பேச்சில் 'ஹொட்டல்' எண்டால் இன்றுவரைக்கும் சோறு சாப்பிடுகிற கடை. படுக்கிற இடம் எண்டு அந்தச் சொல் எங்களுக்கு முதலில் வரவில்லை. படுக்கிறதுக்கு நாங்கள் வேறு வழி பார்த்தோம்.

சமறி

அந்த வழிதான் சமறி. ஆங்கிலேயரின் சொல், எங்கட வாயில் சமறி ஆனது. நாலைந்து கலியாணம் கட்டாத பெடியள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமைக்க ஒரு ஆளை வைத்து, மாதக் கடைசியில் செலவைப் பங்கு போடுவது.

மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குக் கொழும்பில் கிளாக்கர் வேலை கிடைத்தது. 1905இல் காங்கேசன்துறை வரைக்கும் புகையிரதப் பாதை முழுமையாகத் திறந்ததும் போக்குவரத்து லேசானது. 'கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்க வேணும்' என்ற சொல்வழக்கு சும்மா வரவில்லை. சம்பளத்தில் பாதி காசுக்கட்டளையாக ஊருக்குப் போகும். தங்கச்சிமாருக்குச் சீதனம், தம்பிமாருக்குப் படிப்பு. மிச்சத்தில் ஹொட்டல் அறை எங்கே எடுப்பது? சமறியில் நிண்டால் வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒன்று கிடைக்கும், செலவும் குறையும். புதுசாக வேலை கிடைத்து வரும் ஊர்ப் பெடியனுக்குப் பாய் விரிக்க ஒரு மூலையும் இருக்கும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் வருவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்களுக்குக் கொழும்பு வேலை செய்யும் இடம், வீடு எண்டால் ஊர்.

அதே 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. 1958, 1977, 1983 என்று கலவரங்கள் வந்தபோது சமறிக்காரரும் சொந்த வீட்டுக்காரரும் ஒரே முகாமில் பாய் விரித்தார்கள். 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் நிண்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

லொட்ஜ்

சமறிக்கு அரசாங்க உத்தியோகம் ஒரு காரணம். லொட்ஜுக்கு யுத்தம் காரணம்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. ஊரைவிட்டு வெளிக்கிட ஒரு பாஸ், வவுனியாவைத் தாண்ட இன்னொரு பாஸ். இவ்வளவையும் தாண்டி ஆக்கள் கொழும்புக்கு வந்தது சுற்றிப் பார்க்க இல்லை. பாஸ்போட் எடுக்க, எம்பசியில் நேர்முகத்துக்குப் போக, ஏஜென்சிக்காரனின் பதிலுக்குக் காத்திருக்க, பெரியாஸ்பத்திரியில் காட்ட, வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போக. இரண்டு கிழமை எண்டு வந்தவர்கள் இரண்டு வருசம் நிண்டார்கள். அத்தனை நாளைக்கு ஹொட்டல் கட்டுப்படியாகாது. சொந்தக்காரர் வீட்டில் நிண்டால் அவர்களுக்கும் பொலிஸ் பதிவுத் தொல்லை.

அதனால் புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கங்களில் லொட்ஜுகள் நிரம்பின. அம்மம்மா நிண்ட லொட்ஜில் ஒரு அறையில் நாலு கட்டில். பலகையால் மறைத்த குசினியில் முறை வைத்துச் சமைப்பார்களாம். மாடிப்படியில் கொடி கட்டி உடுப்புக் காயும். கீழே கொமினிகேஷனில் கோல் வந்தால் மேலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாடகை கிழமைக்கு, முற்பணம் ஒரு மாதத்துக்கு. வசதிப் பட்டியலைப் பார்த்தால் இன்றைய சேர்விஸ் அபார்ட்மென்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை: அடுப்பு, நீண்ட நாள் வாடகை, வீடு மாதிரி ஒரு இடம்.

வித்தியாசம் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. ஆர், எந்த ஊர், ஏன் வந்தது, எப்ப போறது என்று எழுதவேண்டும். முகாமையாளர் அதைப் பொலிசில் காட்டவேண்டும். இரவில் சோதனை வந்தால் அந்தப் புத்தகமும் உங்கள் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். அட்டையில் பிறந்த இடம் இருக்கும். அது யாழ்ப்பாணம், கிளிநொச்சி எண்டு இருந்தால் மிச்சக் கேள்விகள் தொடங்கும்.

யாழ்ப்பாணப் பேச்சில் தங்குவதை 'நிக்கிறது' எண்டுதான் சொல்வோம். ஊரார் கண்டால் "எங்க நிக்கிறியள்?" எண்டு கேட்பினம். அது அக்கறை. லொட்ஜில் கேட்கப்பட்டது "ஏன் நிக்கிறாய்?" எண்டு. சொந்த நாட்டின் தலைநகரில் நிற்பதற்குக் காரணம் வைத்திருக்க வேண்டிய நிலை அது.

2007 ஜூன் 7

2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் ஊருக்குப் போவதென்றால் கப்பல், இல்லாவிட்டால் விமானம். இரண்டுக்கும் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற இடம் லொட்ஜ். 2007 மே மாதக் கடைசியில் கொழும்பிலும் இரத்மலானையிலும் குண்டுகள் வெடித்து ஆக்கள் செத்திருந்தார்கள். நகரத்தில் எல்லாருக்கும் பயம் இருந்தது. ஆனால் அதற்கான விலையை யாரிடம் வாங்கினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் நிற்பவர்கள் ஊருக்குப் போகவேண்டும் என்று அப்போதைய பொலிஸ் மா அதிபர் அறிவித்தார்.

ஜூன் 7 விடியப்புறம் பொலிசார் லொட்ஜுகளின் கதவைத் தட்டினார்கள். சாமான் கட்டக் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். 376 பேரைப் பஸ்களில் ஏற்றினார்கள்: 291 ஆண்கள், 85 பெண்கள். பெரும்பாலானோரை வவுனியாவுக்கும் மற்றவர்களைக் கிழக்குக்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் மீதும் குற்றச்சாட்டு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கோ வவுனியாவும் ஊர் இல்லை, அதற்கு அப்பால் பாதையும் இல்லை.

அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 8ஆம் திகதி நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பின் 14(1)(h) உறுப்புரை, இலங்கைக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உள்ள உரிமையைச் சொல்கிறது. சில நாட்களில் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ நடவடிக்கையை நியாயப்படுத்தினார். ஏற்றிப்போனவர்களில் பலர் திரும்பக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அம்மம்மா அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அவவின் எட்டு மாதம் அதற்கு முந்தியே முடிந்துவிட்டது. ஆனால் செய்தியை ரேடியோவில் கேட்டபோது, தன்ர கட்டில் இருந்த அறையில் இப்ப ஆர் எண்டு யோசிச்சதாகச் சொன்னா.

இந்தச் சம்பவத்தில் எங்களுக்கு உறைக்கிற விசயம் ஒன்று உண்டு. பஸ்கள் போய் நிண்டது லொட்ஜ் வாசல்களில். காசுள்ள தமிழருக்குப் பயம் இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் பதிவுக்கும் சோதனைச்சாவடிக்கும் அலைந்தவர்கள்தான். ஆனால் உறுதி, வாடகை ஒப்பந்தம், கம்பனிக் கடிதம் வைத்திருந்தவருக்கு 'தகுந்த காரணம்' கையில் இருந்தது. கிழமை வாடகை கொடுத்துக் கட்டிலில் படுத்தவருக்கு அது இல்லை.

சேர்விஸ் அபார்ட்மென்ட்

2009க்குப் பிறகு லொட்ஜுகளின் தேவை குறைந்தது. ஏ9 திறந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. வெள்ளவத்தையில் பழைய வளவுகளை இடித்துத் தொடர்மாடிகள் எழும்பின. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஃபிளாட் வாங்கிவிட்டு வருசத்தில் ஒரு மாதம் வந்து நிற்கிறார்கள். மிச்சப் பதினொரு மாதமும் அது பூட்டிக்கிடக்கக்கூடாது எண்டு வாடகைக்கு விடுகிறார்கள். இப்படித்தான் எங்கட கலியாண வீட்டுக்கு அந்த இரண்டு ஃபிளாட்டும் கிடைத்தன. அன்று விசாவுக்குக் காத்திருந்த தலைமுறை, இன்று வீட்டுச் சொந்தக்காரர்.

குடும்பமாகப் பல நாள் நிற்பதென்றால் இது ஹொட்டலைவிடத் திறம்தான், அதை மறுக்கவில்லை. அறைக் கணக்கில்லை, குழந்தைக்குப் பால் காய்ச்சலாம், வருத்தக்காரருக்குப் பத்தியம் சமைக்கலாம். ஒரு இரவு மட்டும் நிற்பவருக்கும் தனியாகப் போகிறவருக்கும் ஹொட்டலே சரி.

ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடவில்லை, கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். எங்களில் ஒருவர் கொழும்பில் வேலை கிடைத்து இடம் தேடியபோது, தமிழ் வீட்டுக்காரர் ஒருவர் போனில் முதலில் கேட்டது வேலையை இல்லை. "ஊரில எந்த இடம்? ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்டார். அது எதற்கான கேள்வி எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்னொருவருக்கு முஸ்லிம் பெயர் எண்டதும் "இப்பதான் ஆள் வந்திட்டுது" எண்ட பதில். தனியாக வந்த பெண்ணிடம் "ஆர் ஆர் வந்து போவினம்?" எண்டு விசாரணை. அந்தக் கலியாண ஃபிளாட்டைக் கூட்டித் துடைக்க வந்த அக்கா ஹட்டன் பக்கம். அவ நிற்பது எங்கே எண்டு பத்து நாளில் நாங்களும் கேட்கவில்லை, போகிற அன்றுதான் கேட்டோம். மூன்று பேரோடு ஒரு சின்ன அறை எண்டு சொன்னா.

பொலிஸ் புத்தகத்தில் பெயர் எழுதக் கைநடுங்கிய ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களிடம் ஒரு ஃபிளாட்டின் திறப்பு இருக்கும்போது, வாசலில் நிற்கிறவரிடம் நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதையும் இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

லொட்ஜ்களில் நிண்டவர்களின் கதைகள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அந்தக் கட்டிடங்கள் பலவற்றில் இப்போது வேறு கடைகள். உங்கட வீட்டிலும் ஆரும் ஒருத்தர் நிண்டிருப்பார். அடுத்த முறை கொழும்புக்குப் போய் இடம் பார்க்கும்போது அவரிடம் கேளுங்கோ: எந்த ரோட், எத்தனை கட்டில், ஆர் சமைச்சது, கதவு தட்டினால் ஆர் போய்த் திறந்தது எண்டு. பழைய வாடகைத் துண்டு, பொலிஸ் பதிவுத் தாள் ஏதும் அலுமாரிக்குள் கிடந்தால் எறியவேண்டாம். அம்மம்மாவிடம் ஒன்று இருந்தது. மடித்த இடத்தில் கிழிந்துபோய், அவவின் பெயர் பிழையாக எழுதப்பட்டு. 'வந்த காரணம்' என்ற இடத்தில் "மருத்துவம்" எண்டு இருந்தது. அவவுக்கு அப்ப ஒரு வருத்தமும் இல்லையாம்.