ஆகாசவாணி பிறந்த வீடு

பெரிய பெயரும் பெரும் பணமும் இருந்தால் எந்தப் புதிய ஊடகத்தையும் நிலைநாட்டிவிடலாம் என்று நாம் எண்ணுவதுண்டு. மைசூர் வாழ் தமிழர் நாளும் கடந்து செல்லும் ஒரு பகுதியின் வரலாறு இவ்வெண்ணத்தை ஐயுறச் செய்கிறது.

1927 ஜூலை 23ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபு, இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையத்தைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே கல்கத்தாவிலும் நிலையம் எழுந்தது. திரட்டிய முதல் 6 லட்சம் ரூபாய். அதில் ஏறத்தாழ 4.5 லட்சம் நிலையங்களை அமைப்பதிலேயே கரைந்தது. எஞ்சியதைக் கொண்டும், ஆண்டுக்கு 10 ரூபாயான உரிமக் கட்டணத்தில் தனக்குரிய 80 விழுக்காட்டைக் கொண்டும் கம்பெனி பாட்டும் பேச்சும் வழங்க வேண்டியிருந்தது. உரிமம் பெற்றோரோ இறுதிவரை 8000 பேரை எட்டவில்லை. பெட்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தாரை அச்சுறுத்தியது. நிகழ்ச்சிகள் சிறந்தால் பெட்டி வாங்கலாம் என்று மக்கள் காத்திருந்தனர். பெட்டிகள் பெருகினால் நிகழ்ச்சிகளைச் சிறப்பிக்கலாம் என்று கம்பெனி காத்திருந்தது. காத்திருக்கவும் பணம் வேண்டுமே! 1930 மார்ச்சில் அது கலைக்கப்பட்டது.

பிற்காலத்திலும் இதே கதைதான். 1963இல் பிலிப்ஸ் வெளியிட்ட ஒலிநாடா கேசட், பிற நிறுவனங்களும் தாராளமாகச் செய்துகொள்ள இடமளிக்கப்பட்டதால் உலகெங்கும் பரவிற்று. அதே பிலிப்ஸ் 1992இல் கொணர்ந்த டிஜிட்டல் கேசட்டோ 1996இல் கைவிடப்பட்டது. பழைய நாடாவும் இசைத்தட்டும் மக்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

மைசூருக்கு வருவோம். மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935 செப்டம்பர் 10ஆம் நாள், வொண்டிக்கொப்பலில் ‘விட்டல விஹார்’ என்னும் தம் இல்லத்திலிருந்து 30 வாட்டு ஒலிபரப்பி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கினார். முப்பது வாட்டு! ஒரு சிறு மின்விளக்கின் ஆற்றல்தான். ஆயினும் பங்குதாரருக்கு இலாபம் காட்டும் கடமை அவருக்கில்லை. ஊருக்குள் கேட்டாலே போதும். சங்கீத வித்வான்களும் புலவர்களும் நிறைந்த ஊர் அது. அந்நிலையத்துக்கு வாய்த்த பெயர் ஆகாசவாணி. வானொலி என்று சொல்லிப் பழகிய நம் செவிக்கு அசரீரி என்பதே அதற்கு நெருங்கிய சொல்லாகத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அதைவிடப் பொருத்தமான சொல்லைக் கண்டதில்லை.

எனினும் தனி மனிதரின் கைப்பொருளுக்கும் எல்லை உண்டு. 1941இல் நிலையம் நகராட்சியின் கைக்கும், 1942இல் மைசூர் அரசின் கைக்கும் மாறியது. 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. பெயரை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டது. நிலையமோ 1955இல் பெங்களூருக்குப் போய்விட்டது. மைசூருக்கு மீண்டும் ஒரு நிலையம் கிடைக்க 1974 வரை ஆயிற்று.