மாட்டுங்கா போர்டிங்குகளின் கதை

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நகரின் நெரிசலைக் குறைக்க 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தொடங்கப்பட்டது. அது தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும் மனைகளும் வகுத்தது. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியேறினர். அவர்களுக்காக 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியும் உருவாயிற்று.

வந்தவர்களில் பலர் மணமாகாத இளைஞர்கள். மற்றவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவந்தவர்கள். ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்தெழுந்தார்கள். அடுப்பு வைக்க இடமில்லை. இந்தத் தேவையில் பிறந்தவைதான் மெஸ்களும் போர்டிங்குகளும். பெயர் போர்டிங், கிடைத்தது சாப்பாடு மட்டும். தமிழர் பேச்சில் ஹோட்டல் என்பதும் சாப்பிடும் இடமே. தங்குமிடத்துக்கு லாட்ஜ் என்று தனிப்பெயர் உண்டு.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மைசூர் 1936-லும் கஃபே மெட்ராஸ் 1940-லும் தொடங்கின. மாட்டுங்கா ரயில் நிலையத்தை அடுத்து, 1942-ல் ஏ. ராம நாயக் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கைத் திறந்தார். வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, மோர், அப்பளம். கூடவே பம்பாய் வழக்கப்படி பூரியோ சப்பாத்தியோ. கூப்பன் வாங்கி வரிசையில் காத்திருந்து சாப்பிடுவது வழக்கம். இந்தப் போர்டிங் தொடங்கிய மறு ஆண்டே, 1943 மே மாதத்தில், நகரில் ரேஷன் வந்தது. அரிசியை நம்பிய சமையலறைகளுக்கு அது சோதனைக் காலம்.

இந்தப் போர்டிங்குகளில் குடிக்கக் கிடைத்தது காபியும் மோரும்தான். சாராயம், பீர் வழங்கும் கடைகள் வேறு வழியில் போயின. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின்படி பெர்மிட் உள்ளவர்களால் மட்டுமே குடிக்க முடிந்தது. அவர்களுக்கென ஒதுக்கிய அறை 'பெர்மிட் ரூம்' ஆனது. கெடுபிடி தளர்ந்த பின்னும் மகாராஷ்டிரத்துப் பார்களின் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் தங்கிவிட்டது.

குடும்பங்கள் வந்து சேர்ந்து வீட்டுக்கு வீடு அடுப்பு எரியத் தொடங்கியதும், தினமும் போர்டிங்கை நம்பியிருந்தவர்கள் குறைந்தார்கள். டிபன் சாப்பிட வருபவர்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். சமையலறை இல்லாதவனுக்குச் சோறு போடும் வேலை முற்றிலும் நின்றுவிடவில்லை. தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் இட்லி அவிக்கின்றன. சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி ஹாரன் அடித்தபடி நகரெங்கும் விற்கிறார்கள்.