கிலோமீட்டரை நம்பாதீர்கள்: மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்திற்கு ஒருநாள் நடை

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங் மீனவர் கம்பத்தை ஒட்டித் தொடங்குகிறது பினாங்கு தேசியப் பூங்கா. முன்பு பந்தாய் ஆச்சே வனக் காப்பகத்தைச் சேர்ந்திருந்த இக்காடு, 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலும் சேர்ந்து சுமார் 2,500 ஹெக்டர். பகாங்கில் உள்ள தாமான் நெகாராவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. அதனாலேயே பலர் இதன் பாதையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

நுழைவாயிலிலிருந்து மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். ஊர்ச் சாலையில் இது ஒரு மணி நேர நடை. இங்கே போவதற்கு மட்டும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். திரும்பி வரவும் அதே நேரம் வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறிப் பழகியவர்களுக்கும் இது வேறு அனுபவம். அங்கே படியும் கைப்பிடியும் உண்டு. இங்கே மரவேரும் வழுக்குப் பாறையும்தான் படிகள்.

பாதை போகும் விதம்

முதல் அரை கிலோமீட்டர் எளிது. அதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் செல்வது குன்றைக் கடந்து பந்தாய் கெராச்சுட்டை அடையும். வலப்பக்கம் செல்வதே கடலோரப் பாதை. சில இடங்களில் அலை தொடும் பாறைகளை ஒட்டியும், சில இடங்களில் காட்டுக்குள் ஏறி இறங்கியும் அது நீள்கிறது. கரையோரக் குன்றுகளில் வளரும் செராயா மரங்களை இங்கே காணலாம். தலைக்கு மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடும்.

வழியில் வரும் தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் உள்ளது. அதற்கு அப்பால் தெலுக் டூயோங். குரங்குக் கடற்கரை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நுழைவாயிலிலிருந்து இதுவரை சுமார் மூன்றரை கிலோமீட்டர். நெகிழிப் பையைக் கண்டாலே உணவு என்று குரங்குகள் பாய்ந்து வரும். சாப்பாட்டைத் தோள்பைக்குள் மூடி வையுங்கள். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

பலர் இங்கேயே களைத்துவிடுகிறார்கள். ஆனால் கடினமான ஏற்றம் இனிமேல்தான். பிரிட்டிஷார் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கோபுரம் 14 மீட்டர்தான். குன்றே அதற்கு உயரம் தருகிறது. கோபுரத்தினுள் செல்ல எப்போதும் அனுமதி கிடைக்காது.

திரும்பும் நேரமே முக்கியம்

இந்த நடையில் ஆபத்து பெரும்பாலும் திரும்பும்போதுதான் வருகிறது. கால் களைத்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும். வெளியே வெயில் இருந்தாலும் மரநிழலில் முன்னதாகவே இருட்டிவிடும். எனவே காலை 8 மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். விளக்கத்தை அடைந்தாலும் அடையாவிட்டாலும் பிற்பகல் 1 மணிக்குத் திரும்பிவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

“முடியாவிட்டால் படகில் வந்துவிடலாம்” என்பது பலரின் கணக்கு. தெலுக் டூயோங்கிலிருந்து படகு கிடைப்பது உண்மைதான். ஆனால் அலை எழும்பினால் படகு வராது. படகில் திரும்புவதாக இருந்தால் புறப்படும் முன்பே படகுக்காரரிடம் நேரமும் கட்டணமும் பேசிக்கொள்ளுங்கள். அப்போதும் நடந்தே திரும்புவதற்கான தண்ணீரைக் கையில் வைத்திருங்கள்.

கவனிக்க வேண்டியவை

• நுழைவாயில் அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மழைக்குப் பின் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை மூடப்படலாம். அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

• ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். பிடிமானமுள்ள காலணி அணியுங்கள்.

• பினாங்குக் கடலில் கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. கடலில் இறங்காதிருப்பதே நல்லது.

• சில இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 999.

• செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தைப்பூசத்திற்குப் பினாங்கு வரும் குடும்பங்கள் ஒருநாள் கூடத் தங்கி நடக்க ஏற்ற காலம் அது.

• ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து ரேபிட் பினாங்கு 101 பேருந்து தெலுக் பஹாங் செல்கிறது.

இன்னொரு நாள் கிடைத்தால்

இரண்டு பாதைகளையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். பந்தாய் கெராச்சுட்டுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே கடலாமைப் பாதுகாப்பு மையம் உள்ளது. மணலின் சூடு கூடினால் ஆமை முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே அதிகம் பொரிக்கும். அருகிலேயே ஓர் அபூர்வ ஏரி: மேலே நன்னீர், அடியில் உப்புநீர். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பருவத்திற்கேற்ப அது நிரம்பும், வற்றும்.

பிள்ளைகளையோ வயதானவர்களையோ அழைத்துச் சென்றால் குரங்குக் கடற்கரையோடு திரும்பிவிடுங்கள். ஒரு நாளுக்கு அதுவே நிறைவான நடை.