பறவைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே பெயர்!

'மஸ்கெட்' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நீளமான பழைய துப்பாக்கிதானே? 550 வருஷங்களுக்கு முன்பு ஓர் இங்கிலாந்துக்காரரிடம் இதைக் கேட்டிருந்தால், ஒரு குட்டிப் பறவையைக் காட்டியிருப்பார்!

ஸ்பாரோஹாக் என்று ஒரு வேட்டைப் பறவை. நம்ம ஊர் வல்லூறுக்கு நெருங்கிய சொந்தம். இதில் ஆண்தான் சின்னது. எடை சுமார் 150 கிராம். பெண், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தப் பொடியன் ஆணுக்குத்தான் 'மஸ்கெட்' என்று பெயர்.

1486-ல் அச்சான 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற புத்தகத்தில், யார் யாருக்கு எந்த வேட்டைப் பறவை என்று ஒரு பட்டியலே உண்டு. சக்கரவர்த்திக்குக் கழுகு, ராஜாவுக்கு ஜெர்ஃபால்கன், சீமாட்டிக்கு மெர்லின், பாதிரியாருக்கு ஸ்பாரோஹாக். கடைசியில், சர்ச்சில் தீர்த்தம் தெளிக்கும் ஊழியருக்கு, மஸ்கெட்! பறவையிலும் அந்தஸ்து பார்த்திருக்கிறார்கள்!

பொடியன்தானே என்று லேசாக நினைக்காதீர்கள். காலில் தோல்வாரும் மணியும் கட்டி, நாள்கணக்கில் கைமேல் சுமந்து, மனுஷ முகத்துக்குப் பழக்க வேண்டும். வயிறு நிரம்பினால், கூப்பிட்டாலும் திரும்பி வராது. பட்டினி கொஞ்சம் கூடினாலோ, உயிரே போய்விடும்! நடுவே சில கிராம் எடைதான் வித்தியாசம்.

பிறகு வெடிமருந்து வந்தது. புது ஆயுதங்களுக்குப் பெயர் வேண்டுமே? ஃபால்கன், சேக்கர் என்று வேட்டைப் பறவைகளின் பெயர்களைப் பீரங்கிகளுக்குச் சூட்டினார்கள். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி, 'மஸ்கெட்' ஆனது. (இத்தாலியில் 'மோஸ்கா' என்றால் ஈ. பறவை, துப்பாக்கி இரண்டின் பெயருக்கும் அந்த ஈதான் வேர்!)

17-ம் நூற்றாண்டில், பறக்கிற பறவையையே சுடும் அளவுக்குத் துப்பாக்கி தேறியது. வேட்டைக்காரர்கள் யோசித்தார்கள்... ஒரு பறவையோடு எதற்கு இத்தனை மல்லுக்கட்டு? விசையை இழுத்தால் போதுமே!

அதோடு விட்டார்களா? 19-ம் நூற்றாண்டில், பணக்காரர்கள் சுட்டு விளையாடுவதற்காக வளர்த்த ஃபெசன்ட் குஞ்சுகளைத் தின்கிறது என்று, எஸ்டேட் காவலர்கள் ஸ்பாரோஹாக்கையே சுட்டுத் தள்ளினார்கள். கைமேல் வைத்துக் கொஞ்சிய அதே பறவையை!

1954-ல் பறவைகளைக் காக்க பிரிட்டன் சட்டம் போட்டபோதும், இதைச் சேர்க்கவில்லை. டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளால் கிழக்கு இங்கிலாந்தில் அநேகமாகக் காணாமலே போன பிறகுதான், 1963-ல் பாதுகாப்புக் கிடைத்தது. அந்த மருந்துகளும் படிப்படியாக நிறுத்தப்பட்டன.

இன்று அந்தப் பொடியன் பிரிட்டன் முழுக்க மறுபடி பறக்கிறான். மஸ்கெட் துப்பாக்கி? மியூசியத்துச் சுவரில் தொங்குகிறது!