ஏழு பெண்கள், எண்பது ரூபாய், பத்திரிகைச் செய்தி

நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு வரலாறு எழுதச் சொன்னாங்க. ராஜா ராணி வரலாறு பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சு. நம்மள மாதிரி பெண்கள் போட்ட அப்பளத்தோட வரலாறை எழுதுறேன்.

1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் பகுதி. அங்கே ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் தேய்த்தார்கள். அன்றைக்கு ஆனது நாலே கட்டு. தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இதுதான் லிஜ்ஜத் அப்பளம் பிறந்த கதை.

முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். அந்த வருஷம் மழையில் காயவைக்க முடியாமல் நாலு மாசம் வேலையே நின்றுபோச்சு. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், கீழே ஸ்டவ். மழையிலும் அப்பளம் காய்ந்தது.

இவர்கள் பேச்சு வாய்வழியாகப் பரவியது. உள்ளூர் மொழிப் பத்திரிகைகளிலும் எழுதினார்கள். அதைப் படித்தும் கேட்டும் பெண்கள் தேடி வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் வருஷம் 100, 150 பேர். மூன்றாம் வருஷ முடிவில் 300 பேருக்கு மேல். மாடியில் இடம் போதவில்லை. பிசைந்த மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அப்பளமாக எடை போட்டு வாங்கினார்கள். டிவியில் முயல் பொம்மை விளம்பரம் வந்ததெல்லாம் ரொம்பப் பிந்தி. ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதுல நான் கவனிச்சது ஒண்ணு. செய்தி வந்தபோது சரக்கு தயாரா இருந்தது, கணக்கு தயாரா இருந்தது, வந்தவங்களுக்குக் கொடுக்க வேலையும் இருந்தது. அதனாலதான் செய்தி பலன் கொடுத்தது.

நம்ம கண்காட்சி போட்டோவும் பேப்பர்ல வந்தது. ரிப்பன் வெட்டினவங்க பேரெல்லாம் இருந்தது. ராத்திரி பகலா மாவு இடிச்ச குழுவோட பேரும் இல்லை, பொருளோட பேரும் இல்லை. படிச்சவங்க வாங்கணும்னு நினைச்சாலும் யாரைக் கேட்பாங்க?

அதனால ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு தாள் எழுதி வைப்போம். குழு தொடங்கின வருஷம், எத்தனை பேர், முதல் கடன் எவ்வளவு, முதல் விற்பனை எவ்வளவு, எந்தக் கஷ்டத்தை எப்படிச் சமாளிச்சோம், பொருள் எங்கே கிடைக்கும், எந்த போன் நம்பர். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலே பாதி கிடைச்சிடும். நிருபர் வந்தா அந்தத் தாளைக் கையில கொடுக்கலாம். யாரும் வரலைன்னா நாமளே பத்திரிகை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகலாம். அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் எழுதிட்டு வாங்க.