கணினி வளர்ந்த கதையும் அதில் தமிழ் நுழைந்த வழியும்

கணினிக்கு வேலை சொல்லும் படிமுறையை 'அல்காரிதம்' என்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்ததே அச்சொல். இந்திய எண்களால் கணக்கிடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூலே அதற்குக் காரணம்.

1946இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. எடை ஏறத்தாழ 30 டன். பின்னர் டிரான்சிஸ்டரும் சிலிக்கான் சில்லும் வர, அறையை அடைத்த இயந்திரம் மேசைக்கு வந்தது. பிறகு உள்ளங்கைக்கும் வந்தது.

1991இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் பழைய கணினிகளில் அதற்கான எழுத்துரு இல்லாததால் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. இக்குறை நீங்க உழைத்தவர்களுள் ஒருவர் அதிராம்பட்டினம் உமர்தம்பி (1953–2006). தாம் உருவாக்கிய 'தேனீ' எழுத்துருவை அனைவருக்கும் இலவசமாகவே வழங்கினார்.

இன்று திருவண்ணாமலையில் இருந்தபடி கைப்பேசியில் நாம் தமிழ் படிக்கிறோம் என்றால், அதன் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது. பயன் தரும் கல்வி, மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் பிள்ளைகளைக் கணினியைப் பயன்படுத்துவோராக மட்டுமன்றி, பிறருக்குப் பயன்படுவதை அதில் உருவாக்குவோராகவும் வளர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.