தீயணைப்புக்கு முந்திய சொற்கள்

தென்னங்கீற்றும் மூங்கிலும் காவிரிப் படுகையில் எளிதில் கிடைக்கும் பொருள்கள். எனவே திருமணமோ திருவிழாவோ, தஞ்சைப் பகுதியில் காலங்காலமாகக் கீற்றுப் பந்தல் எழுந்து வந்திருக்கிறது. சித்திரை வெயிலிலும் அதன் அடியில் குளிர்ச்சியாக இருப்பது ஏன்? கீற்றுகளின் இடுக்கில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆனால் அதே காற்றுதான் தீக்கும் உணவாகிறது. இந்த இரண்டாவது உண்மையை நம் மாவட்டம் இருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காக அமைத்திருந்த யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 48 பேர் மாண்டனர். 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சத்துணவுச் சமையற்கூடத்தில் எழுந்த நெருப்பு, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கும் படிக்கட்டோ குறுகலானது. 94 குழந்தைகளை இழந்தோம்.

இத்தகைய வேளைகளில் நாம் முதலில் கேட்பது, ‘தீயணைப்பு வண்டி எப்போது வந்தது?’ என்பதே. ‘தீயணைப்பு’ என்னும் சொல், தீப்பிடித்த பின் நடப்பதையே நினைக்க வைக்கிறது. அதற்கு முந்திய சில சொற்களை இங்கே காண்போம்.

முதலாவது, ‘தீப்பற்று வெப்பநிலை’. உலர்ந்த ஓலை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பற்றிக்கொள்ளும். கனமான மரக்கட்டை இந்நிலையை அடைய நேரமாகும்; மெல்லிய கீற்றுக்குச் சில நொடிகள் போதும்.

அடுத்தவை ‘வெப்பச்சலனம்’, ‘வெப்பக் கதிர்வீச்சு’. சூடான வாயுக்கள் மேலெழுந்து, கூரையின் அடிப்புறமாகப் பக்கவாட்டில் ஓடுகின்றன; முன்னுள்ள கீற்றைச் சூடேற்றி எரிய வைக்கின்றன. எரியும் கூரையின் கதிர்வீச்சு கீழே இருப்போரையும் சுடுகிறது. இச்சொற்களை என் மாணவர்கள் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு பந்தலின் கீழ் நிற்கையில் அவற்றை நினைப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, பந்தல் முழுவதும் எரியச் சில நிமிடங்களே ஆகும். தீயணைப்பு நிலையம் அடுத்த தெருவில் இருந்தாலும் அந்த நிமிடங்கள் போதமாட்டா. அவ்வேளையில் உயிர் காப்பது ‘வெளியேறும் வழி’ ஒன்றே. அது அகலமாகவும், பூட்டப்படாமலும், ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கவேண்டும்.

கும்பகோணத் துயரத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அதையொட்டி எழுந்த வழக்கில், 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நாட்டின் பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வைக்கவும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் கட்டளையிட்டது. ‘தீத்தடுப்பு’ என்னும் சொல்லுக்கு இவ்வாறு சட்டத்தின் வலிமை கிடைத்தது.

ஆயினும் சட்டம் எல்லாப் பந்தல்களுக்கும் வந்து நிற்க இயலாது. அடுத்த முறை ஒரு பந்தலிலோ கூடத்திலோ அமரும்போது, வாசகர்களே, ஒரு கணம் திரும்பிப் பாருங்கள்: இரண்டாவது வழி எங்கே இருக்கிறது?